அரைக்கூலியும் மூன்று பவுன் வரியும்

கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடையே, கிழக்கில் கடலைத் தொட்டுக் கிடக்கும் நெல்வயல் நாட்டில் இருக்கிறது சீர்காழி. ஆங்கிலேயர் ஷியாலி என்று எழுதிய இவ்வூரும், அதற்குத் தெற்கே தரங்கம்பாடியை ஒட்டியுள்ள தில்லையாடியும் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதியைச் சேர்ந்தவை. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்குபவை. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தக் காவிரிப் படுகையிலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பெருந்திரளான மக்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் மொரிஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிழைக்கப் போனார்கள். அவர்களில் பெண்கள் பட்ட பாட்டைத் தனியே எடுத்துப் பார்த்தால் குடியேற்ற ஆட்சியின் ஓர் அடிப்படை இயல்பு தெளிவாகும். நிறத்தின் பேரால் வந்த ஒடுக்குமுறையும் பெண் என்பதால் வந்த ஒடுக்குமுறையும் அங்கே வெவ்வேறாக நிற்கவில்லை. ஒரே சட்டத்தில், ஒரே கூலிக் கணக்கில் இரண்டும் பின்னிக் கிடந்தன. அந்தப் பின்னலை எதிர்த்து 1913இல் தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்கள் நடத்திய போராட்டம், பெண்ணுரிமை வரலாற்றில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

வயலிலிருந்து கப்பலுக்கு

தஞ்சாவூர் நாடு 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. நிலம் மிராசுதாரர்கள் கையில் இருந்தது. சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்கள்; பறையர், பள்ளர் சமூகத்தவர். அடிமை முறைக்குச் சட்டம் இனித் துணை நிற்காது என்று 1843ஆம் ஆண்டின் சட்டம் அறிவித்தது. ஆனாலும் கடனும் குடியிருப்பு மனையும் மிராசுதாரர் பிடியிலேயே இருந்ததால் பண்ணையாள் வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. நாற்றுப் பறிப்பது, நடவு, களையெடுப்பு ஆகியவை பெண்களின் வேலை. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. பெண்ணுக்கு அளந்த நெல் ஆணுக்கு அளந்ததைவிடக் குறைவு.

இந்த நிலையில் இருந்த குடும்பங்களைத் தேடித்தான் ஆள்கட்டிகள் வந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போனது. நேட்டாலுக்குப் போகிறவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த முதல் கப்பல் அது. 1911இல் இந்த ஆள் ஏற்றுமதி நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

கப்பலேறிய பெண்கள் எல்லோரும் கணவரைப் பின்தொடர்ந்து போனவர்கள் என்று கொள்ள முடியாது. பிஜி, டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா முதலிய குடியேற்றங்களைப் பார்வையிட்ட மக்நீல், சிம்மன் லால் ஆகிய இருவரின் அறிக்கை 1915இல் வெளிவந்தது. கணவருடன் வந்த பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் விதவைகளும் கணவரை விட்டு வந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் என்று அது கணித்தது. மறுமணத்துக்கு வழியில்லாத விதவைக்கும், அடி பொறுக்காமல் வீட்டை விட்டு வந்த மனைவிக்கும், பண்ணையை விட்டு அகல முடியாதிருந்த கூலிப்பெண்ணுக்கும் கப்பல் ஒரு வாசலாக இருந்தது. அந்த வாசலுக்கு அப்பால் வேறொரு கட்டு காத்திருந்தது.

தோட்டத்தில் பெண்

தோட்ட முதலாளிகள் கேட்டது ஆண்களை. பெண்களைச் சுமை என்றே அவர்கள் கருதினார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது அரசு வகுத்த விதி. ஆண்கள் மட்டுமே அடைந்து கிடக்கும் கூலி லயன்களில் ஒழுங்கு கெடும் என்ற அச்சமே அதற்குப் பின்னால் இருந்தது. பெண்ணின் நலம் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. நேட்டாலில் ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயரும். பெண்ணுக்கு அதில் பாதி. உணவுப்படியிலும் அதே பாகுபாடு. பிள்ளைப்பேற்றாலும் நோயாலும் வேலைக்குப் போக முடியாத நாட்களில் பெண்ணுக்குப் படி கிடைப்பது அரிதாயிற்று. அரைக்கூலி அவளைக் கணவனையோ வேறொரு ஆணையோ சார்ந்தே வாழச் செய்தது. வேலைக்கு வராதது சிறைக்குரிய குற்றம். அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறுவதும் குற்றம். இந்த விதிகள் வெள்ளைத் தொழிலாளிக்கு இல்லை. நிறத்தால் கூலியாக்கப்பட்டவள், பெண் என்பதால் அரைக்கூலியாக்கப்பட்டாள்.

குறைந்த எண்ணிக்கையில் பெண்களைக் கொண்டுவந்து லயன்களில் அடைத்த ஆட்சி, அதனால் விளைந்த சண்டைகளுக்கும் கொலைகளுக்கும் அந்தப் பெண்களின் நடத்தையையே காரணம் காட்டியது. இந்தியப் பெண்கள் ஒழுக்கம் குறைந்தவர்கள் என்ற பேச்சு அதிகாரிகளின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளை மேற்பார்வையாளரும் இந்தியக் கங்காணியான சர்தாரும் செய்த வன்முறையை மறைக்க அந்தப் பேச்சு உதவியது. பெண்ணின் புகாரை விசாரிக்கும் முன்பே அவளை நம்பத் தகாதவளாக்கிவிட்டது.

மூன்று பவுன் வரி

ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் காய்கறி பயிரிட்டும் கூடை சுமந்து விற்றும் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியதை நேட்டாலின் வெள்ளைக் குடியேறிகள் விரும்பவில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பவர் குடியிருக்கக் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் அதைச் செயலாக்கியது. அச்சட்டப்படி ஒப்பந்தம் முடித்தவர்கள் மறு ஒப்பந்தம் எழுத வேண்டும், அல்லது இந்தியா திரும்ப வேண்டும். இரண்டும் செய்யாதவர்கள் ஆண்டுதோறும் 3 பவுன் கட்ட வேண்டும். நேட்டால் அரசு முதலில் கேட்டது 25 பவுன். இந்திய அரசு அதை மூன்றாகக் குறைத்து ஒப்புதல் தந்தது.

1903இல் இவ்வரி பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆண்பிள்ளை 16 வயதிலும் பெண்பிள்ளை 13 வயதிலும் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. கூலியில் பெண்ணைப் பாதி ஆளாகக் கணக்கிட்ட அரசு, வரி என்று வந்தபோது அவளை ஆணுக்கு மூன்றாண்டு முன்பே முழு ஆளாக்கியது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தத்தின் முதலாண்டுக் கூலியில் கணக்கிட்டால் அது ஆணுக்கு ஆறு மாதச் சம்பாத்தியம். பெண்ணுக்கு ஓராண்டின் முழுச் சம்பாத்தியம். கணவன், மனைவி, வயது வந்த இரு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 12 பவுன் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாதவர்களுக்கு மீதமிருந்தவை சிறையும் மறு ஒப்பந்தமும்தான். தகுந்த காரணம் இருந்தால் பெண்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று 1910இல் ஒரு திருத்தம் வந்தது. அதையும் அந்தந்த மாஜிஸ்திரேட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

சியர்ல் தீர்ப்பு

1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். இந்தியாவிலிருந்து வந்த பாய் மரியம் என்ற பெண், தென்னாப்பிரிக்காவில் வாழும் கணவரிடம் சேர அனுமதி கேட்ட வழக்கு அது. பலதார மணத்துக்கு இடம் தரும் சமய முறையில் நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பாயிற்று. இந்து, இஸ்லாமிய, பார்சி முறைப்படி மணந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். நாட்டுக்குள் வரும் உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டன.

இந்தியர் பெருகுவதைத் தடுக்க நினைத்த ஆட்சிக்கு மனைவியின் வருகையைத் தடுப்பதே எளிய வழி. இனத் தூய்மை பற்றிய கவலை இங்கே பெண்ணின் திருமண நிலை மீது சட்டமாக இறங்கியது. டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் மே மாதமே தன் எதிர்ப்பை அரசுக்குத் தெரிவித்தது; தீர்வு கிடைக்காவிட்டால் சிறை செல்வோம் என்றும் அறிவித்தது. காந்தியின் செயலாளராக இருந்த சோன்யா ஷ்லேசின் அச்சங்கத்தின் செயலாளராகவும் இருந்து உதவினார்.

1913: சுரங்கத்துக்குப் போன பெண்கள்

அதுவரை காந்தி தலைமையில் நடந்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்கள் ஆண்கள். டிரான்ஸ்வாலில் 1907 முதல் நடந்த, ஆசியரின் கட்டாயப் பதிவுச் சட்டத்துக்கான எதிர்ப்பில் தமிழர்கள் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தார்கள். அந்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். 1913இல் அந்தப் பெண்களே முன்னால் வந்தார்கள்.

செப்டம்பர் 15 அன்று, நேட்டாலில் காந்தி நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து 16 பேர் கொண்ட முதல் குழு புறப்பட்டது. கஸ்தூர்பா உள்ளிட்ட நான்கு பெண்கள் அதில் இருந்தார்கள். அனுமதியின்றி டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்ததற்காக வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையில் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார்கள். அடுத்துப் புறப்பட்ட குழுவில், டிரான்ஸ்வாலில் காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புடைய 11 பெண்கள் இருந்தார்கள். பவானி தயாள் என்ற போராளியின் மனைவி ஒருவரைத் தவிர மற்றவர்கள் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். டிரான்ஸ்வால் தமிழர் தலைவர் தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அவர்களில் ஒருவர். சிலரிடம் கைக்குழந்தைகள் இருந்தன.

எல்லையில் அவர்களைக் கைது செய்யாமல் விட்டதால் நேராக நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 3 பவுன் வரி நேட்டாலில் மட்டும் இருந்தது. டிரான்ஸ்வாலிலிருந்து வந்த இந்தப் பெண்கள் அதைக் கட்ட வேண்டியவர்கள் அல்லர். அவர்களை நேரே தாக்கியது திருமணத் தீர்ப்பு. ஆனாலும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்கள் பேசியது வரியைப் பற்றி. வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டார்கள். சுதந்திரமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள், ஒப்பந்தக் கூலிப் பெண்ணின் சுமையைத் தங்கள் வழக்கோடு சேர்த்துக்கொண்டது அந்தப் போராட்டத்தின் திருப்புமுனை.

அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 21ஆம் தேதி அப்பெண்கள் கைதானார்கள். மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அச்செய்தி வேலைநிறுத்தத்தை மேலும் பரப்பியது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். விரைவில் கடலோரக் கரும்புத் தோட்டங்களும் நின்றன. வேலையை நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சுரங்க வளாகங்களே சிறைகளாக்கப்பட்டு, தொழிலாளர்கள் அடித்து வேலைக்கு இறக்கப்பட்டார்கள்.

வள்ளியம்மை

தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட முனுசாமி முதலியாரின் மகள் வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். தாயோடு போராட்டத்தில் சேர்ந்து மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சிறையில் கடும் காய்ச்சல் கண்டு, மெலிந்து வெளியே வந்தவர், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். சிறை சென்றதற்காக வருந்தவில்லை, மறுபடியும் செல்ல ஆயத்தம் என்று அவர் படுக்கையில் சொன்னதைக் காந்தி தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. ஒருதார மணமாக இருக்கும் இந்தியத் திருமணங்களுக்கு ஏற்பு அளித்தது. பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தவர்களில் ஆங்கிலப் பெண்மணி எமிலி ஹாப்ஹவுசும் ஒருவர். போயர் போரில் தடுப்பு முகாம்களின் கொடுமையை வெளிக்கொணர்ந்த அவர், இந்தியர் சார்பில் அமைச்சர் ஸ்மட்சுக்கு எழுதினார். நாட்டைவிட்டுப் புறப்படும் முன் ஜூலை மாதத்தில் காந்தி, ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் வள்ளியம்மைக்கும், 1909இல் சிறை வதையால் இறந்த நாகப்பனுக்கும் நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார்.

பெண்ணியத்தின் நிறக்கோடு

இதே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் பெண்களின் வாக்குரிமை இயக்கம் வலுவாக நடந்தது. 1911இல் நாடளாவிய சங்கமும் உருவானது. ஆனால் அது கேட்டது வெள்ளைப் பெண்களுக்கான வாக்கு. கேப் மாகாண இயக்கத்தில் முன்னணியில் இருந்த எழுத்தாளர் ஆலிவ் ஷ்ரைனர், நிற வேறுபாட்டை ஏற்க மறுத்து விலகினார். இறுதியில் 1930இல் வாக்கு வந்தபோது வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே வந்தது. கேப் மாகாணத்தில் தகுதி அடிப்படையில் வாக்களித்து வந்த கறுப்பு ஆண்களின் வலிமை அதனால் பெரிதும் குறைந்தது. பெண்ணுரிமையின் வெற்றி ஒன்று நிறவெறியின் கருவியாகவும் பயன்பட்டது.

பிரிட்டனிலும் இந்தப் போக்கு இருந்தது. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்திய தொற்றுநோய்ச் சட்டங்களை எதிர்த்து 1869 முதல் போராடிய ஜோசபின் பட்லர், இந்தியாவிலும் அச்சட்டம் நீங்க வேண்டும் என்று வாதிட்டது பெரும் பணி. ஆயினும் அக்காலப் பிரிட்டிஷ் பெண்ணியர் பலர் இந்தியப் பெண்ணைத் தாங்களே மீட்க வேண்டிய பேதையாகக் காட்டினார்கள். பேரரசுக்குத் தங்கள் சேவை தேவை என்பதைத் தங்கள் வாக்குரிமைக்கான வாதமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். கூலி கேட்டும் வரி மறுத்தும் சிறை சென்ற பெண் அந்தச் சித்திரத்தில் இல்லை.

1913இல் புளூம்ஃபோன்டைன் நகரில் கறுப்பினப் பெண்கள் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிச் சிறை சென்றார்கள். சீட்டும் வரியும் ஒரே ஆட்சியின் இரு கைகள். இருந்தும் அந்தப் போராட்டமும் இந்தியப் பெண்களின் போராட்டமும் ஒன்று சேரவில்லை. பிரிட்டிஷ் பிரஜைகள் என்ற தகுதியில் உரிமை கேட்ட இந்தியத் தலைமை, கறுப்பின மக்களிடமிருந்து தன்னை விலக்கியே வைத்திருந்தது.

மானம் என்னும் வாதம்

இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சி 1913க்குப் பின் வேகம் பெற்றது. மேற்பார்வையாளரின் பலாத்காரத்துக்குத் தப்பி ஆற்றில் குதித்த குந்தி என்ற பெண்ணின் கதை பிஜியிலிருந்து வந்து மக்களை உலுக்கியது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாடல் எழுதினார். 1917இல் சரோஜினி நாயுடு மேடைகளில் முழங்கினார்; பெண்கள் குழு வைஸ்ராயைச் சந்தித்தது. அவ்வாண்டு ஆள் அனுப்புவது நின்றது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் நாளில் ரத்தாயின.

இந்த வெற்றி மகத்தானது. அதன் மொழி மட்டும் குறுகியது. அயல்நாட்டில் இந்தியப் பெண்ணின் கற்பும் மானமும் பறிபோகின்றன, அதனால் நாட்டின் மானம் போகிறது என்பதே மேடைகளில் ஓங்கி ஒலித்த வாதம். அரைக்கூலி, படி மறுப்பு, வீட்டுக்குள் நடந்த அடி, ஊரை விட்டு ஓடச் செய்த சாதிக் கொடுமை ஆகியவை பின்னுக்குப் போயின. வெள்ளை ஆட்சி அந்தப் பெண்ணை ஒழுக்கமற்றவள் என்றது. தேசிய இயக்கம் களங்கப்பட்டவள் என்று இரங்கியது. உழைப்பாளி என்ற அவளுடைய அடையாளம் இரண்டிலும் மறைந்தது.

படுகையில் எஞ்சிய கணக்கு

காந்தி 1915 ஏப்ரல் 30 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார். மறுநாள் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பேசினார். வழியில் தாழ்த்தப்பட்ட மக்கள் அளித்த வரவேற்புரையில் குடிநீர் வசதி இல்லை, நிலம் வாங்க முடியவில்லை என்று இருந்ததை அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். கடல் கடந்து நிறவெறியை எதிர்த்தவர்களின் சொந்த மண்ணில் சாதி அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

1917இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்சும், டாரதி ஜினராஜதாசாவும், தலைவராக அன்னி பெசன்டும் அதில் இருந்தார்கள். இந்தியப் பெண்களோடு தோள்சேர்ந்து உழைத்த அவர்கள், வெள்ளைப் பெண்ணியம் வேறு விதமாகவும் இருக்க முடியும் என்பதற்குச் சான்று. அச்சங்கத்தின் முயற்சியால் 1921இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்கு வந்தது. ஆனால் சொத்தும் வரியும் அதற்குத் தகுதிகள். சீர்காழி வட்டத்து நடவு வயலில் நின்ற பெண்ணுக்கு நிலமும் இல்லை, அதனால் வாக்கும் இல்லை. குடியரசின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தபோதுதான் அவள் வாக்குச்சாவடிக்குப் போனாள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1952இல்தான் வந்தது.

பின்வந்த தலைமுறைகள்

தென்னாப்பிரிக்காவில் 1913இன் மரபு அறுபடவில்லை. இந்தியரின் நில உரிமையைப் பறித்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் டர்பனில் பிறந்த தமிழ் மருத்துவர் கூனம் முன்னின்று பலமுறை சிறை சென்றார். 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் ஏறத்தாழ 20,000 பெண்கள் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து அணிவகுத்தார்கள். லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோபி வில்லியம்ஸ் ஆகிய நால்வர் தலைமை ஏற்றார்கள்: கறுப்பினத்தவர், வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர் என ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவர். 1913இல் தனித்தனியாக நடந்த போராட்டங்கள் அன்று ஒன்றாயின. நிறம், பால் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் சம வாக்கு 1994இல் கிடைத்தது.

நிறமும் பாலும் சேர்ந்து அழுத்தும்போது, ஒன்றை மட்டும் பார்க்கும் சட்டம் பாதிக்கப்பட்டவளைக் காணத் தவறும் என்பதை அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் கறுப்பினப் பெண் தொழிலாளர்களின் வழக்குகளைக் கொண்டு விளக்கினார். பெண்ணிய ஆய்வில் இன்று அது அடிப்படைக் கருத்து. நேட்டாலின் கூலிப் பதிவேடும் வரிச் சட்டமும் அதற்கு நூறாண்டு முந்திய சான்றுகள். காவிரிப் படுகையின் அனுபவம் அந்தக் கருத்தோடு சாதியையும் சேர்க்கிறது. தில்லையாடியில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் எழுந்திருக்கிறது. 2008இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. விடுதலைக்காக உயிர் தந்த சிறுமி என்று மட்டும் அவரை நினைப்பது போதாது. கூலியிலும் வரியிலும் திருமணத்திலும் ஒருசேர இறங்கிய ஒடுக்குமுறையை ஒரே போராட்டத்தில் எதிர்த்த உழைக்கும் பெண்களின் வரிசையில் வைத்தால்தான் வள்ளியம்மையின் வரலாறு முழுமையாகும்.